எருமையின் முதுகும் பெருச்சாளியின் பள்ளமும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று ஆரம்பித்தால்தான் உங்களுக்குக் கதை கேட்ட மாதிரி இருக்கும். சரி, இருந்தது. காட்டை மாநகராட்சி ஆக்கியதும் அது ‘மேயர்’ என்று பலகை மாட்டிய குகைக்குள் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. கர்ஜனை எல்லாம் இப்போது பட்ஜெட் கூட்டத்தில் மட்டும்தான். அதைத் தொந்தரவு செய்ய வேண்டாம். நம் கதை பள்ளத்தெருவில் நடக்கிறது.

மாநகராட்சி ஆனவுடன் காட்டுக்கு முதலில் வந்தது வரி. பிறகு வரி கட்டாதவர்களுக்கு நோட்டீஸ். பிறகு குப்பைத்தொட்டி. அதை வந்த வாரமே யானை மிதித்துவிட்டது. கடைசியாக வந்து சேர்ந்தவர்கள் வார்டு கவுன்சிலர்கள். பள்ளத்தெரு வார்டுக்குக் கவுன்சிலராக வந்தவர் சடையப்பன் என்கிற எருமை. நல்ல கறுப்பு, நல்ல கனம், யார் என்ன சொன்னாலும் அசைபோட்டுக்கொண்டே தலையாட்டும் பண்பு. பொதுவாழ்க்கைக்கு வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்.

பள்ளத்தெரு பெயருக்கேற்ற தெரு. நாலு தூறல் போட்டால் தண்ணீர் கட்டிக்கொள்ளும். முயலுக்குக் கழுத்தளவு நிற்கும். பெருச்சாளிக்கு வீட்டுக் கூரைக்கு மேலே நிற்கும். யானைக்கு நகம் நனையும். வெள்ளச் சேதத்தைப் பார்வையிட வருவது யானைதான் என்பதால், “பெரிதாக ஒன்றும் இல்லை” என்று வருஷா வருஷம் அறிக்கை போய்க்கொண்டிருந்தது.

ஆனால் சடையப்பனை அப்படிச் சொல்ல முடியாது. மழை பிடித்ததோ இல்லையோ, தெருமுனையில் வந்து நின்றுவிடுவார். தண்ணீரில் இறங்கி, வீடு வீடாகப் போய், குஞ்சு குளுவான் எல்லாவற்றையும் முதுகில் ஏற்றி மேட்டில் கொண்டுபோய் இறக்குவார். தண்ணீரில் கிடப்பது எருமைக்குப் பிடிக்கும்தானே என்று கேட்காதீர்கள். சேவையைச் சந்தோஷமாகச் செய்யக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

ஒரே ஒரு வழக்கம் மட்டும் இருந்தது. கவுன்சிலர் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் அவருடைய வாழ்க்கை வரலாறு வாசிக்கப்படும். கொம்பின் மேல் உட்கார்ந்து அதை வாசிப்பது நாவுக்கரசு என்கிற கிளி. முதல் வருஷம் சும்மா ரெண்டு வார்த்தை சொன்னான். அடுத்த வருஷம் மைக் செட் வந்தது. அப்புறம் அது வளர்ந்துகொண்டே போனது. வரலாறு முடிந்து கைத்தட்டல் விழுந்தால்தான் கவுன்சிலர் கால் நகரும். இப்படி ஒரு சட்டத்தை யாரும் போடவில்லை. யாரும் மீறவும் இல்லை.

“ஏழைத் தொழுவத்தில் பிறந்து, தன் தாய்ப்பாலைக்கூட அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்து வளர்ந்தவர்” என்று ஆரம்பிப்பான் நாவுக்கரசு. கன்றைக் கட்டிப்போட்டுவிட்டுப் பாலைக் கறந்துகொண்டு போனார்கள் என்பதுதான் விஷயம். “பால்ய வயதிலேயே ஒரு கொக்கைத் தன் முதுகில் சுமந்து தொண்டைத் தொடங்கியவர்” என்பான். அந்தக் கொக்கு முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கித் தின்றது. யார் யாருக்குச் சேவை செய்தார்கள் என்று தண்ணீரில் நின்றுகொண்டு யாரால் யோசிக்க முடியும்? பதவி ஆசையே இல்லாதவர் என்ற கட்டம் வரும்போது சடையப்பனே கண்ணை மூடிக்கொள்வார்.

இந்தத் தெருவின் கடைசி வளையில்தான் பொன்னுருவி இருந்தாள். பெருச்சாளி. புருஷன் பக்கத்துக் காட்டு மார்க்கெட்டுக்குப் போனவன், பொறியில் மாட்டித் திரும்பவில்லை. குட்டிகளை அவள் ஒருத்தியாகவே வளர்த்தாள். போன மழையின்போது தண்ணீர் வளைக்குள் புகுந்த வேகத்தில் கைக்குக் கிடைத்த குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வாசல் கல்லின்மேல் ஏறினாள். கடைக்குட்டி மயிலு மட்டும் அவள் வாலைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றது. தெருமுனையில் நாவுக்கரசு கொக்குக் கட்டத்தில் இருந்தான்.

“அண்ணே, சீக்கிரம் வாங்கண்ணே” என்று கத்தினாள் பொன்னுருவி.

“இந்தா முடிஞ்சிரும்மா” என்றார் சடையப்பன், அங்கிருந்தே.

பதவி ஆசை இல்லாத கட்டமும் முடிந்து, கைத்தட்டலும் முடிந்து, எருமை அவள் வாசலுக்கு வந்தபோது வாலில் பாரம் இல்லை. மயிலு போய்விட்டது. சடையப்பன் மனப்பூர்வமாக அழுதார். அடுத்த நாள் அவர் அழுத படம் போட்டு பேனர் வைத்தார்கள். அதன் ஓரத்தில், முகம் பாதி வெட்டுப்பட்டு, பொன்னுருவியும் இருந்தாள்.

அந்தக் கோடையில் பொன்னுருவி வேறெந்த வேலையும் பார்க்கவில்லை. மிச்சக் குட்டிகளை அடுத்த மழைக்குக் கொடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு. தெருத்தண்ணீர் ஏன் வடியவில்லை என்று பார்க்க, காய்ந்து கிடந்த ஓடையின் வழியாக மோப்பம் பிடித்துக்கொண்டே நடந்தாள். ஓடை நல்ல ஓடைதான். ஆற்றில் போய்ச் சேருகிற இடத்தில் மட்டும் ஒரு மேடு அடைத்துக்கொண்டிருந்தது. அந்த மேட்டுக்கு ரெண்டு கொம்பு இருந்தது.

சடையப்பனுடைய ஆபீஸ் அதுதான். ஓடை வாயிலில் சேறு நன்றாக இருக்கும் என்று அங்கே படுக்க ஆரம்பித்தவர், வருஷக்கணக்கில் புரண்டு புரண்டு அந்த இடத்தையே திட்டாக்கி வைத்திருந்தார். பின்னால் ‘மக்கள் குறைதீர்ப்பு அலுவலகம்’ என்று பலகை.

“அண்ணே, ஒரு விஷயம் சொன்னா கோவிச்சுக்கக் கூடாது” என்றாள் பொன்னுருவி.

“நான் எதுக்கும்மா கோவிக்கப் போறேன்? கோவம்னா என்னன்னே தெரியாதவன்னு என் வரலாத்துலயே இருக்கு.”

“நீங்க படுத்திருக்கிற இடத்தாலதான் தெருவுல தண்ணி நிக்குது. கொஞ்சம் நகர்ந்து படுத்தீங்கன்னா போதும்.”

சடையப்பன் அசைபோடுவதை நிறுத்தினார். இந்த மாதிரி ஒரு கோரிக்கை அவர் பொதுவாழ்க்கையில் இதுவரை வந்ததில்லை.

“நகர்றதா? பொன்னுருவி, நல்லா யோசிச்சுத்தான் பேசுறியா? மக்கள் என்னைத் தேடி வர்ற இடம்மா இது. நான் பாட்டுக்கு நகர்ந்துட்டா, குறைன்னு வர்றவங்க எங்க போவாங்க?”

“குறையே வராதுண்ணே.”

“அப்படியெல்லாம் பேசக்கூடாது” என்றார் சடையப்பன். நிஜமாகவே மனசு புண்பட்டுவிட்டது அவருக்கு. “உன் கஷ்டம் எனக்குப் புரியுது. அடுத்த மழைக்கு முதல் ஆளா உன்னைத்தான் ஏத்துவேன். இது சத்தியம்.”

தெருவில் வந்து சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. பக்கத்து வீட்டு முயல் கோமதிதான் அவளுக்கு ஊரில் ஒரே சிநேகிதி. மயிலு போன அன்றைக்கு ராத்திரி பூராவும் கூடவே இருந்தவள். அவளே முகம் சுளித்தாள்.

“ஏன்க்கா, அண்ணனைப் போயி நகரச் சொன்னியா? நாளைக்கு வெள்ளம் வந்தா நம்மளை யாருக்கா தூக்குவா?”

“அவரு நகர்ந்தா வெள்ளமே வராதுடி.”

“அது சரி. வந்தா?”

பொன்னுருவி பேச்சை விட்டுவிட்டுத் தோண்ட ஆரம்பித்தாள். எருமையைச் சுற்றிக்கொண்டு, ஓடையிலிருந்து ஆற்றுக்குப் பக்கவாட்டில் ஒரு வாய்க்கால். தோண்டுவது அவளுக்குக் கைவந்த வேலை. யாரையும் கூப்பிடவில்லை, அடிக்கல் நாட்டவில்லை, மைக் செட் சொல்லவில்லை. இவ்வளவு தப்பையும் ஒரே வேலையில் செய்த ஜீவன் அந்தக் காட்டில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்த வருஷம் மழை பிய்த்து உதறியது. தெருவில் விழுந்த தண்ணீர் ஓடைக்குப் போய், வாய்க்காலில் திரும்பி, ஆற்றுக்குப் போய்விட்டது. எல்லாரும் அவரவர் வீட்டுக்குள் உலர்ந்த மேனியோடு உட்கார்ந்திருந்தார்கள். சடையப்பன் வழக்கம்போலத் தெருமுனைக்கு வந்தார். நாவுக்கரசு வழக்கம்போல வரலாற்றை வாசித்தான். கைத்தட்ட ஆள் இல்லை. இறங்குவதற்குத் தண்ணீரும் இல்லை. நனைந்துகொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் ‘உச்’ கொட்டினார்கள்.

“பாவம்க்கா, அண்ணனைப் பாக்கவே சகிக்கல” என்றாள் கோமதி, காய்ந்த தரையில் குட்டிக்குக் காது துவட்டிக்கொண்டே.

அந்த நேரம் பார்த்துத் தேர்தல் வந்தது. வாய்க்காலுக்குக் காவல் வேண்டுமென்றால் பதவியும் கையில் இருக்க வேண்டும் என்று பொன்னுருவிக்குத் தோன்றியது. சுயேச்சையாக நின்றாள். மண்வெட்டிச் சின்னம் கேட்டாள், சீப்புச் சின்னம் கொடுத்தார்கள். வீடு வீடாகப் போனாள்.

“உன்னோட பின்னணி என்ன?” என்று கேட்டார்கள்.

“வாய்க்கால் தோண்டியிருக்கேன். தெருவுல தண்ணி நிக்கல.”

“அதான் தெரியுதே. வரலாறு என்னன்னு கேட்டோம்.”

வேறு வழியில்லாமல் நாவுக்கரசைத் தேடிப் போனாள். அவன் கொய்யாப்பழம் தின்றுகொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

“அக்கா, நான் தொழில்காரன். எழுதச் சொன்னா யாருக்கும் எழுதுவேன். ஆனா வாய்க்காலை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. தண்ணி வந்துச்சு, போச்சு, இதுல என்ன இருக்கு? சோகம் வேணும்க்கா. உங்ககிட்ட சோகம் ஏதாவது இருக்கா?”

“என் பிள்ளை செத்துப்போச்சு” என்றாள் பொன்னுருவி.

“அட, மயிலு. நான்கூட மறந்துட்டேன். அது போதுமே, அதை வச்சே ஜெயிச்சுரலாம். வாலைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சுல்ல? அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் இழுத்துச் சொன்னோம்னா...”

“அதைச் சொல்லக்கூடாது.”

“ஏன்க்கா?”

“அது என் பிள்ளை. உன் மைக்குக்குப் பெத்ததில்ல” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். வழியெல்லாம் அழுதாள். அந்த ஒரு நாள் அவளைப் பார்த்திருந்தீர்களானால் நீங்களும் என்னைப் போலக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பீர்கள்.

தேர்தலில் சடையப்பன் அமோகமாக ஜெயித்தார். இந்த வருஷம் சேவை செய்ய முடியாமல் அவர் பட்ட வேதனையைத் தெருவே பார்த்திருந்ததல்லவா? ரிசல்ட் வந்த அன்றைக்குக் கோமதி கையில் கேரட்டோடு வந்தாள்.

“அக்கா, மறைக்க மாட்டேன். உனக்குப் போடத்தான் போனேன். பெட்டிகிட்டப் போனதும் அண்ணன் மழையில நின்ன முகம் ஞாபகம் வந்துருச்சு. கை தன்னால போயிருச்சுக்கா.”

பதவியேற்றதும் சடையப்பன் செய்த முதல் மக்கள் பணி, ‘அனுமதியின்றித் தோண்டப்பட்ட வாய்க்காலை மூடும் விழா’. தோரணம் கட்டினார்கள். மேயர் வாழ்த்துச் செய்தி அனுப்பினார். சடையப்பன் வாய்க்காலுக்குள் இறங்கி ஒரு புரள் புரண்டார், விழா இனிதே முடிந்தது. எல்லாருக்கும் சுண்டல் கொடுத்தார்கள். பொன்னுருவி வீட்டுக்கும் ஒரு பொட்டலம் வந்தது. குட்டிகள் நல்ல பசியில் இருந்தன, தின்றன.

பின்மழை வந்தது. வளைக்குள் தண்ணீர் வந்தது. பொன்னுருவி அதே வாசல் கல்லின்மேல் ஏறினாள். இந்த முறை ஒரு குட்டியை வாயில் கவ்வியிருந்தாள், மற்ற ரெண்டும் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தன. சடையப்பன் சத்தியம் தவறாதவர். முதல் ஆளாக அவள் வாசலுக்கே வந்து நின்றுவிட்டார், வரலாறும் இந்த முறை அங்கேயே. தெரு பூராவும் தண்ணீருக்குள் நின்று பார்த்தது. நாவுக்கரசு கொம்பில் ஏறினான்.

வரலாற்றில் புதிதாக ஒரு கட்டம் சேர்ந்திருந்தது. “தெருவின் அடித்தளத்தையே ஆட்டம் காண வைத்த சட்டவிரோதத் தோண்டலைக் கண்டுபிடித்து, தன் உடலாலேயே அடைத்து, பள்ளத்தெருவைக் காப்பாற்றியவர்” என்று வாசித்துவிட்டு நாவுக்கரசு நிறுத்தினான். கைத்தட்டலுக்கான இடம் அது. தெரு தட்டியது. சடையப்பன் நகரவில்லை. பொன்னுருவியையே பார்த்துக்கொண்டு அசைபோட்டார். தண்ணீர் கல்லின் விளிம்புக்கு வந்துவிட்டது.

வாயில் குட்டி இருந்ததால் அவளால் ஒன்றும் பேச முடியவில்லை. கை ரெண்டும் காலியாகத்தான் இருந்தது. தட்டினாள்.

“ஏறிக்கம்மா” என்றார் சடையப்பன்.

மேட்டில் இறங்கியதும் குட்டிகளை எண்ணிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. அப்புறம் ஓரமாகப் போய் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவமானம் தாங்கவில்லை அவளுக்கு.

மழை விட்டதும் பொன்னுருவி மறுபடியும் தோண்டப் போனாள். இந்தத் தடவை எருமையைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. சடையப்பன் மாமன்றக் கூட்டத்துக்குப் போய்த் தூங்குகிற நாட்களாகப் பார்த்து, அவர் படுக்கிற திட்டுக்கு நேர் கீழே தோண்டினாள். மேலே சேற்றுப் படலம் மட்டும் இருந்தது, உள்ளே வெறும் குழி. ஒரு நாள் கூட்டம் முடிந்து நல்ல களைப்போடு வந்து, நீண்ட பெருமூச்சு விட்டு, ஆபீசில் படுத்தார் கவுன்சிலர். ஆபீஸ் உள்ளே போய்விட்டது.

கழுத்துவரை சேற்றில் புதைந்துவிட்டார் சடையப்பன். அவர் கத்திய கத்தலில் தெருவே ஓடி வந்தது. ஆனால் எருமையை யார் தூக்குவது? தெருவில் உள்ள எல்லாரையும் தூக்கியவர் அவர்தான். அவரைத் தூக்க ஒருத்தரும் இல்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. அசைய அசைய அவர் இன்னும் கீழே போனார்.

“பொன்னுருவியைக் கூப்பிடுங்க. அவதான் மண்ணைத் தோண்டுவா” என்று கோமதி கத்தினாள்.

பொன்னுருவி வந்தாள். அவசரப்படவில்லை. குழியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள்.

“தோண்டி எடுத்துரலாம்ணே. ஒண்ணும் பிரச்சினை இல்ல.”

“சீக்கிரம்மா” என்றார் சடையப்பன். தாடை வரை வந்துவிட்டது சேறு.

“ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லண்ணே? முதல்ல வரலாறு.”

எல்லாரும் நாவுக்கரசைப் பார்த்தார்கள். அவன் சேற்றுக்கு மேலே தெரிந்த எருமைக் கொம்பைப் பார்த்தான், பொன்னுருவியைப் பார்த்தான். ஒரே எட்டில் பறந்து போய் அவள் தலைமேல் உட்கார்ந்துகொண்டான். நிலைமையைப் புரிந்துகொள்வதில் அவனுக்கு நிகர் அந்தக் காட்டில் யாரும் இல்லை.

“மண்ணின் மகள்” என்று ஆரம்பித்தான். “எளிய வளையில் பிறந்து, புருஷனைப் பொறிக்குப் பலிகொடுத்து...” நன்றாகத்தான் சொன்னான். இருந்தாலும் கூட்டம் அசையவில்லை. ரெண்டு மூன்று பேர் மரியாதைக்குத் தட்டினார்கள். நாவுக்கரசு குனிந்து அவள் காதில் சொன்னான்.

“அக்கா, எடுபடல. வேற ஏதாவது வேணும்.”

பொன்னுருவி கூட்டத்தைப் பார்த்தாள். சேற்றில் குமிழிவிட்டுக்கொண்டிருந்த அந்த மூக்கைப் பார்த்தாள்.

“மயிலுவைச் சொல்லு” என்றாள்.

சொன்னான். வாலைப் பிடித்துக்கொண்டு நின்றதை இழுத்துச் சொன்னான். கூட்டம் விம்மி அழுதது, அழுதுகொண்டே தட்டியது. கவுன்சிலர் காது ரெண்டையும் படபடவென்று அடித்தார். கை வெளியே இருந்திருந்தால் அவர்தான் எல்லாரையும்விட அதிகமாகத் தட்டியிருப்பார். பொன்னுருவி ஒரு பக்கம் சரிவு வெட்டிச் சேற்றை வழியவிட்டாள். எருமை எழுந்து வந்தது.

சடையப்பனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, கவலைப்படாதீர்கள். உடல்நிலை காரணமாகப் பதவி விலகினார். நீர்நிலைகளில் நீண்ட அனுபவம் உள்ளவர் என்று மாநகராட்சி அவரை வெள்ளத் தடுப்பு ஆலோசகராக எடுத்துக்கொண்டது. இடைத்தேர்தலில் பொன்னுருவி போட்டியின்றி வந்தாள். மன்னிக்க வேண்டும், வந்தார். இனிமேல் பொன்னுருவியம்மா என்றுதான் சொல்ல வேண்டும்.

ஓடை வாயில் திறந்தாயிற்று. அடுத்த மழைக்குத் தெருவில் ஒரு சொட்டு நிற்கவில்லை. கவுன்சிலர் பொன்னுருவியம்மா குட்டிகளை அணைத்துக்கொண்டு உலர்ந்த வளையில் நிம்மதியாகப் படுத்திருந்தார். வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டது இது ஒன்றுதான். அது கிடைத்துவிட்டது. கதை இங்கேயே முடிந்திருந்தால் குழந்தைகளுக்குச் சொல்லலாம்.

நாவுக்கரசு வந்து வாசலில் உட்கார்ந்தான். முகம் வாடியிருந்தது.

“அக்கா, தெரு காஞ்சு கிடக்கு. பக்கத்து வார்டுல இடுப்பளவு தண்ணி. அங்க கவுன்சிலர் நீர்நாய் பேருதான் எல்லார் வாயிலயும் இருக்கு. நம்ம பேரை யாரு சொல்றா?”

“தெரு நல்லா இருக்கில்ல. அது போதும்.”

“நீங்க தோத்த தேர்தலுக்கும் தெரு நல்லாத்தான் இருந்துச்சுக்கா” என்றான் அவன்.

பொன்னுருவியம்மாவுக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. பதவி போனால் எருமை திரும்ப வரும், எருமை வந்தால் ஓடை மூடும், ஓடை மூடினால் குட்டிகள் வாசல் கல்லில் நிற்கும். எல்லாம் குட்டிகளுக்காகத்தான். தோண்டுவதோ கைவந்த வேலை. சீக்கிரமே பள்ளத்தெருவில் வீட்டுக்கு வீடு ‘மழைநீர் சேகரிப்புப் பள்ளம்’ வந்தது. இந்த முறை அடிக்கல், தோரணம், மைக் செட், ஒன்றையும் விடவில்லை. பள்ளங்கள் நல்ல ஆழம். மேலே அழகுக்காக இலை பரப்பியிருந்தார்கள். விழுந்தவர்களையெல்லாம் கவுன்சிலரே நேரில் வந்து சரிவு வெட்டி மேலே கொண்டுவந்தார். பேனர்களில் அவர் முகம் இப்போது முழுசாக இருந்தது.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் கோமதி குட்டியோடு விழுந்தாள்.

கூட்டம் கூடியது. கவுன்சிலர் வந்தார், குடை பிடித்தார்கள், நாவுக்கரசு தலைமேல் ஏறி மைக்கைத் தட்டிப் பார்த்தான். பள்ளத்துக்குள் நாலு பக்கமும் தண்ணீர் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. கோமதி பின்னங்காலில் எழும்பி நின்று குட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள்.

“அக்கா, வரலாறை அப்புறம் கேட்டுக்கறேன். எனக்கு மனப்பாடமா தெரியும்க்கா. புள்ளையை மட்டும் எடுத்துரு.”

பொன்னுருவியம்மாவின் கை மண்ணுக்குப் போய்விட்டது. போகத்தான் செய்தது, பொய் சொல்லக்கூடாது. ஒரு பிடி மண்ணைப் பறித்துவிட்டார்.

“அக்கா” என்று நாவுக்கரசு காதில் சொன்னான். “மயிலு கட்டம் இப்பத்தான் வருது. நாளைக்குப் பேப்பருக்கு இதைத்தான் படம் எடுக்க வந்திருக்காங்க.”

கை நின்றது. மண்ணைக் கீழே போட்டுவிட்டுத் துடைத்துக்கொண்டார்.

“படி” என்றார்.

வாலைப் பிடித்துக்கொண்டு நின்ற இடம் வந்ததும் பொன்னுருவியம்மா வழக்கம்போல அழுதார். அது நடிப்பு இல்லை. அந்த இடம் வந்தால் அவருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிடும், எத்தனை தடவை கேட்டாலும். கூட்டம் கைத்தட்டியது. பொன்னுருவியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். கோமதியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கோமதிக்குத் தண்ணீர் கழுத்துக்கு வந்திருந்தது. குட்டியை வாயில் கவ்விக்கொண்டாள். கை ரெண்டையும் தண்ணீருக்கு மேலே எடுத்துத் தட்டினாள்.

நீதி: பள்ளத்தில் விழுந்தவருக்குக் கைகொடுப்பதே உயர்ந்த சேவை. உங்கள் தெருவில் பள்ளம் இல்லையென்றால் மனம் தளர வேண்டாம், நீங்களே ஒன்று தோண்டிக்கொள்ளலாம். மைக் செட்டுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடவும்.